பிரேக் ஒயில் கொதிக்க முதல்

ரேஸ் ட்ராக் எபிசோட்டுக்குப் பிறகு எங்களுக்கு வந்த மெசேஜ்களில அதிகம் பேர் கேட்டது ஒண்டைத்தான்: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒண்டு வாங்கியாச்சு, ருட்ஸ்கூகனுக்குக் கொண்டுபோக முதல் என்ன மாத்தோணும்? எக்ஸோஸ்ட்டா, சிப்பா, அகலமான சில்லா?

என்ர பதில் எல்லாரையும் சலிப்படைய வைக்கும். பிரேக் ஒயில். அதை மாத்தும்வரை எஞ்சினில ஒரு குரோனரும் போடாதேங்கோ.

ருட்ஸ்கூகன் தெரியாதவைக்கு: ஒஸ்லோவில இருந்து தென்கிழக்கா, ரக்கெஸ்தா பக்கம், ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூட ஓடினா வரும். 1990இல திறந்த ட்ராக், பிறகு நீட்டி இப்ப 3,254 மீற்றர். மலேசியாவின் செபாங்கை வடிவமைச்ச ஹெர்மன் தில்கேதான் இதின்ர புது வடிவத்துக்கும் கோடு போட்டவர். ஏற்றமும் இறக்கமும் உள்ள இடம். நேர்ப்பாதை முடியிற இடங்களில பிரேக்குக்கு வேலை கூட.

எவ்வளவு கூட எண்டு ஒருக்கா கணக்குப் பாருங்கோ. ஓட்டுநரோட சேர்த்து 1,100 கிலோ வாற கார் 160இல இருந்து 80க்கு இறங்கினா, டிஸ்க்கும் பாட்டும் சேர்ந்து விழுங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 0.8 மெகாஜூல். குழாயில பிடிச்ச ரெண்டரை லீற்றர் தண்ணியைக் கொதிக்க வைக்க அது காணும். வீட்டுக் கேத்தலுக்குப் பல நிமிஷம் எடுக்கிற வேலை, இங்க சில செக்கனில முடியுது. அடுத்த வளைவில திரும்பவும். இருபது நிமிஷத்துக்கு இதே கதைதான்.

அந்தச் சூடு மெல்ல மெல்ல பிரேக் ஒயிலுக்கு வந்து சேரும். புது டொட் 4 ஒயில் குறைஞ்சது 230 பாகை வரை கொதியாமல் தாங்கோணும் எண்டது விதி. ஆனா அது காற்றில இருக்கிற ஈரத்தை உறிஞ்சிற சாமான். 3.7 வீதம் தண்ணி சேர்ந்திட்டா, அதே டொட் 4க்கு விதி கேட்கிறது வெறும் 155 பாகை. முந்தின ஓனர் எப்ப மாத்தினவர் எண்டு தெரியாத கார் எண்டா, நீங்கள் அந்த ரெண்டாவது இலக்கத்தை நம்பித்தான் ஓடுறீங்கள். கொதிச்சா ஆவி வரும், ஆவி அமுங்கும், கால் தரை வரைக்கும் போகும். கார் நிக்காது.

கடையில பிரெம்ஸெவெஸ்கெ வாங்கேக்க டொட் 4, இல்லாட்டி டொட் 5.1 (260, ஈரத்தோட 180) எடுங்கோ. டொட் 5 எண்டது சிலிக்கோன், பேர் கிட்டவா இருந்தாலும் முற்றிலும் வேற சாமான், கலக்கவே கூடாது. இப்படிப் பேர் வைச்ச ஆளைப் பிடிச்சு ஒரு நாள் கேள்வி கேட்கோணும்.

ட்ராக்கில ஏதும் பிழைச்சா, முதல்ல காலைக் கேளுங்கோ. பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுதெண்டா ஒயில் கொதிச்சிருக்கு, இல்லாட்டி குழாயில காற்று. பெடல் கல்லு மாதிரி நிண்டும் கார் நிக்கேல்லை எண்டா பாட் தன்ர சூட்டு எல்லையைத் தாண்டிட்டுது, ட்ராக்குக்கு ஏற்ற பாட் வேணும். ஸ்டியரிங் நடுங்கினா எல்லாரும் டிஸ்க் வளைஞ்சுபோச்சு எண்டுவினம். அனேகமா பாட்டின்ர பொருள் டிஸ்க்கில சமனில்லாமல் படிஞ்சிருக்கும்.

இதில முதலாவதுதான் எனக்குப் பயம். ஏனெண்டா உள்ள வந்து அரை மணித்தியாலம் ஆறவிட்டா பெடல் பழையபடி இறுகும். ஆவி திரும்ப ஒயிலாகிடும். "இப்ப ஓகே மச்சான்" எண்டு திரும்ப ஏறுவாங்கள். ஒயில் அதே பழைய ஒயில், தண்ணியும் அதுக்குள்ளதான் கிடக்கு. புது ஒயில் விட்டு, காற்று எடுத்த பிறகுதான் அந்தக் கார் ஓடோணும். அண்டைக்கு வசதி இல்லையெண்டா அண்டைக்கு முடிஞ்சுது, அவ்வளவுதான்.

2025 ஜனவரியில அஜித் குமாரின்ர அணி துபாய் 24 மணித்தியாலப் போட்டியில தங்கட பிரிவில மூண்டாவதா வந்தபோது எங்கட குரூப் சட் முழுக்க வேகக் கதைதான். நீண்ட ஓட்டத்தில பாதி வேலை பிட்டில நடக்குது. எங்களுக்கு அங்க ஆக்கள் இல்லை. டயரைத் தொட்டுப் பார்க்கிறதும், சில்லு நட்டைத் திரும்ப இறுக்கிறதும், கடைசி ரவுண்டை பிரேக் பிடிக்காமல் மெதுவா ஓடி ஆறவிடுறதும் நாங்கள்தான். நிப்பாட்டின பிறகு ஹான்ட்பிரேக் இழுக்காதேங்கோ. கியரில விடுங்கோ, சூடான பாட் டிஸ்க்கில ஒட்டாது.

அப்பாவின்ர டெஸ்லாவைக் கேட்டு எடுக்கிற ஆக்களுக்கும் ஒரு சொல்லு. 2024இல நோர்வேயில பதிஞ்ச புதுக் கார்களில 88.9 வீதம் மின்கார், அதால இந்தக் கேள்வி இனிக் கூடத்தான் போகுது. மொடல் 3 பெர்ஃபோர்மன்ஸ் 1,800 கிலோவுக்கு மேல. மேல சொன்ன அதே பிரேக்குக்கு அது கேட்கிறது நாலு லீற்றர் தண்ணிக் கணக்கு. மோட்டர் கொஞ்சத்தைத் திருப்பி பற்றரிக்கு அனுப்பும்தான். ஆனா பற்றரி 100 வீதம் நிரம்பியிருந்தா போட இடமில்லை, முழுப்பாரமும் டிஸ்க்கில விழும். முட்ட முட்ட சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்து முதல் ரவுண்டிலயே மிதிக்காதேங்கோ.

டயர் காற்று கடைசி. 10 பாகை காலையில 2.0 பார் அடிச்சா, டயர் 60 பாகைக்குச் சூடானதும் அது 2.5 ஆகிடும். அதால சூட்டோட அளந்து குறைக்கிறது சரி. ஆனா சூட்டில 2.0க்கு இறக்கிப்போட்டு அப்படியே வீட்டை போனா, அடுத்த நாள் காலை அதில இருக்கிறது ஒண்டரை பாரைத் தாண்டின கையோட நிக்கிற காற்றுத்தான். வெளிக்கிட முதல் திரும்ப அடியுங்கோ, பெடலையும் ஒருக்கா அமத்திப் பாருங்கோ.