ஆளை விலக்கினால் மிச்சம் எவ்வளவு?

நமது மதீஷ பத்திரனவை 13 கோடி இந்திய ரூபாவுக்கு வைத்திருந்த சென்னை சுப்பர் கிங்ஸ் அணி, 2025 நவம்பரில் அவரை விலக்கி விட்டது. ஒரு மாதம் கழித்து டிசம்பர் 16ஆம் திகதி அபூதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் கொல்கத்தா அணி அவரை 18 கோடிக்கு எடுத்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் நம்ம பொடியனுக்கு நல்ல விலை போனது என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வியாபாரிக்கு ஏலத்தை விட, ஏலத்துக்கு முந்திய மாதத்தில் நடக்கும் கணக்கில்தான் பாடம் அதிகம். யாரை வைப்பது, யாரை விடுவது, விட்டால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு அது.

கிரிக்கெட் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஐ.பி.எல். அணி ஒன்று வீரர்களுக்காக இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 2008இல் அது 50 இலட்சம் அமெரிக்க டொலர். 2024இல் 100 கோடி இந்திய ரூபா, 2025இல் 120 கோடி, 2026இல் 125 கோடி. அணிக்குச் சொந்தக்காரர் ரிலையன்ஸ் அம்பானியாக இருந்தாலும் சரி, ஷாருக் கானாக இருந்தாலும் சரி, அதற்கு மேல் ஒரு சதமும் போட முடியாது. பணம் இருந்தும் போட முடியாத முதல் என்பதால் எல்லோரும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு வீரரை விலக்கினால் அவருடைய விலை அப்படியே பைக்குத் திரும்பி வரும்.

கொல்கத்தா இதில் துணிந்து விளையாடியது. 2024 நவம்பர் ஏலத்தில் 23.75 கோடிக்கு எடுத்த வெங்கடேஷ் ஐயரையும், 12 கோடி வாங்கிய அன்ட்ரே ரசலையும், வேறு சிலரையும் ஒரே நாளில் விட்டது. பையில் 64.30 கோடி சேர்ந்தது. அதில் 25.20 கோடியை அவுஸ்திரேலியர் கமரூன் கிரீனுக்கும் 18 கோடியைப் பத்திரனவுக்கும் கொடுத்தது. (கிரீனுக்குக் கையில் கிடைப்பது 18 கோடிதான். சிறு ஏலத்தில் வெளிநாட்டு வீரருக்கு வரையறை உண்டு. மிச்சம் 7.20 கோடி இந்திய கிரிக்கெட் சபையின் நலன்புரிக் கணக்குக்குப் போகிறது. அணியின் பையில் கழிவது மட்டும் முழுத் தொகை.)

வெங்கடேஷ் ஐயருக்கு என்ன நடந்தது? அதே ஏலத்தில் பெங்களூர் அணி அவரை 7 கோடிக்கு எடுத்தது. 2025இல் அவர் அடித்தது 142 ஓட்டங்கள். சந்தையில் 7 கோடி பெறுமதியான சரக்கை 23.75 கோடிக்குத் தட்டில் வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சமானது. கொல்கத்தாவின் உண்மையான மிச்சம் என்று நான் எழுதுவது 23.75 அல்ல. அவரையே திரும்ப எடுக்க 7 தேவைப்பட்டிருக்கும் என்பதால் 16.75 கோடிதான்.

இதே அளவுகோலைச் சென்னைக்குப் போட்டுப் பாருங்கள். பத்திரனவை விட்டதில் மிச்சம் 13 கோடி. ஆனால் சந்தை அவருக்குச் சொன்ன விலை 18. திரும்ப எடுப்பதென்றால் 5 கோடி கூடப் போட வேண்டும். சென்னை திரும்ப எடுக்கவில்லை. சர்வதேசப் போட்டியில் ஒரு நாளும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொடுத்தது. அவர்களின் அடிப்படை விலை 30 இலட்சம்தான். விட்டது ஒருவரை, போட்டது 28.40 கோடி. அது புத்திசாலித்தனமா இல்லையா என்பதை மைதானம் சொல்லட்டும். "13 கோடி மிச்சம்" என்று மட்டும் எழுதி வைத்தால் அது பாதிக் கணக்கு என்பதுதான் என் கட்சி.

வனிந்து ஹசரங்கவின் கதை இன்னும் வேடிக்கை. 2022இல் பெங்களூர் 10.75 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டு 26 விக்கெட் எடுத்துக் கொடுத்தார். 2023 நவம்பரில் விட்டார்கள். அடுத்த மாதமே ஹைதராபாத் அணி அவரை 1.50 கோடிக்குத் தூக்கியது. மலிவாகக் கிடைத்த சரக்கு என்று மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் குதிக்கால் காயத்தினால் 2024இல் அவர் ஒரு போட்டியும் ஆடவில்லை. அந்த இடத்துக்கு வந்தவர் யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த். பிறகு ராஜஸ்தான் 5.25 கோடி, அவர்களும் விட்டு, 2025 டிசம்பரில் லக்னோ 2 கோடி. ஒரே மனிதனுக்கு நான்கு விலை.

முஸ்தபிசுர் ரஹ்மானின் விவகாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 9.20 கோடிக்கு எடுத்த பங்களாதேஷ் வீரரை 2026 ஜனவரியில் கொல்கத்தா விலக்கியது இந்திய சபை சொன்னதற்காக. அது அரசியல்.

ஐ.பி.எல்.லில் ஒரு வசதி. பருவம் முடிந்து ஆளை விட்டால் பழைய பாக்கி எதுவும் அடுத்த ஆண்டுப் பையில் விழாது. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் அப்படியல்ல. (பெயர்தான் உதைபந்து, பந்தைக் கையில் பிடித்துக் கொண்டு ஓடுகிறார்கள்.) அங்கே 1994இல் சம்பள உச்சவரம்பு வந்தது. அப்போது ஓர் அணிக்கு 34.6 மில்லியன் டொலர். 2025இல் 279.2 மில்லியன்.

அங்கே ஒப்பந்தம் எழுதும்போது வீரருக்குக் கையெழுத்துப் பணம் என்று பெரிய தொகையொன்றை முன்கூட்டியே கொடுப்பார்கள். காசு உடனே போய்விடும். கணக்கில் மட்டும் ஒப்பந்த ஆண்டுகளுக்கு, ஆகக் கூடியது 5 ஆண்டுகளுக்கு, பங்கு போட்டு எழுதுவார்கள். உதாரணமாக 20 மில்லியன் கொடுத்து 4 ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 5 மில்லியன். இரண்டு ஆண்டில் ஆளை அனுப்பினால் எழுதாமல் இருக்கும் 10 மில்லியனும் ஒன்றாக வந்து அணியின் தலையில் விழும். ஆள் இல்லை, ஆனால் பையில் இடம் அடைத்துக் கொண்டிருக்கும். இதை அவர்கள் செத்த பணம் என்கிறார்கள். ஜூன் முதலாம் திகதிக்குப் பிறகு விலக்கியதாக எழுதினால் இரண்டு ஆண்டுகளில் பிரித்துக் கொள்ளலாம். அவ்வளவுதான் சலுகை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விளையாட்டுப் பருவம் தொடங்குமுன் அணியின் சம்பளங்களில் கூடிய 51 மட்டுமே கணக்கில் சேரும். ஒருவர் போனால் 52ஆவது ஆள் மேலே ஏறி வருவார், அவர் சம்பளமும் சேரும். ஆகவே 10 மில்லியன் எழுதியிருந்த ஒருவரை விலக்கி, அவரது செத்த பணம் 4 மில்லியனாகவும், ஏறி வருபவரின் சம்பளம் 8 இலட்சம் டொலராகவும் இருந்தால், மிச்சம் 5.2 மில்லியன்தான். பத்திரிகைக்காரர் 10 என்று எழுதுவார். அணியின் கணக்கப்பிள்ளை 5.2 என்று எழுதுவார்.

டென்வர் பிரோங்கோஸ் அணியின் கதை இதில் பெரிய உதாரணம். 2022இல் ரசல் வில்சன் என்பவருக்கு 5 ஆண்டு நீடிப்பாக 245 மில்லியன் டொலர் ஒப்பந்தம் எழுதினார்கள். 2024 மார்ச்சில் அனுப்பி விட்டார்கள். செத்த பணம் 85 மில்லியன், இரண்டு ஆண்டுகளில் பிரித்து எழுதப்பட்டது. அந்த ஆண்டுக்கு உறுதி கொடுத்த சம்பளம் 39 மில்லியனும் அதில் அடக்கம். பிட்ஸ்பேர்க் அணி அவரை 1.21 மில்லியனுக்குச் சேர்த்துக் கொண்டது. மிகுதியைக் கொடுத்தது பழைய முதலாளி! வேலை செய்தது வேறு கடையில், சம்பளம் கொடுத்தது விட்ட கடை. ஆனாலும் டென்வர் அணி அதே ஆண்டில் புதிய இளைஞர் ஒருவரைப் போட்டு இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. எனவே நட்டக் கணக்கு எழுதியும் விலக்குவது சில வேளை சரியாகலாம். தெரிந்து கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இனி நம்ம கடைக்கு வருவோம். பசறையில் எனக்குத் தெரிந்த ஒரு புடவைக் கடை முதலாளி, என்னை விட இளையவர், இரண்டு கடையிலுமாக 16 பேர் வேலை. 2022 நெருக்கடியில் விழுந்த வியாபாரம் நிமிர்ந்து வரும்போது 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து, மண்சரிவும் பாதை அடைப்புமாக வருடக் கடைசி வியாபாரமும் போனது. "நாநா, பழைய சேல்ஸ்மனை நிற்பாட்டப் போறன். மாசம் 50,000 மிச்சம்" என்றார். அந்த ஆள் அங்கே 11 வருடம். "தம்பி, கொப்பியை எடுங்க" என்றேன்.

சம்பளம் 50,000. ஈ.பி.எப். முதலாளி பங்கு நூற்றுக்கு 12, ஈ.ரீ.எப். நூற்றுக்கு 3. ஆக மாதம் 57,500, வருடம் 690,000. அவர் சொன்ன ஆறு இலட்சத்தை விடக் கூட. முகம் மலர்ந்தது. அடுத்து, அந்த இடம் சும்மா இருக்குமா? இல்லை, 35,000க்கு ஒரு பொடியனைப் போடுவதாகச் சொன்னார். அதற்கும் பங்குகளைச் சேர்த்தால் மாதம் 40,250, வருடம் 483,000. இப்போது மிச்சம் வருடத்துக்கு 207,000.

அடுத்தது நம்ம ஊர்ச் செத்த பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்குக் கூடியவர்கள் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். 11 வருடத்துக்கு 275,000. வேலை முடிந்து 30 நாளுக்குள். இது விலக்குவதால் வரும் செலவு அல்ல, ஏற்கெனவே ஏறி நிற்கும் கடன். அவர் தானாக விலகினாலும் கொடுக்க வேண்டியதுதான். கூலியைத் தாமதப்படுத்தக் கூடாது என்று ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். இதுவும் கூலிதான்.

பெரிய அடி அதற்குப் பிறகு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஒழுக்காற்றுக் காரணமின்றி ஆளை நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். சம்மதத்தோடு போனால் தொகையைப் பேசித் தீர்க்கலாம். அனுமதி கேட்டுப் போனால் நட்டஈட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அடுத்த வருடங்களுக்கு 14 வரை இரண்டு மாதம். 11 வருடத்துக்கு இருபத்து நாலரை மாதம், அதாவது 1,225,000 ரூபா. வருட மிச்சம் 207,000 ஆல் வகுத்துப் பார்த்தோம். போட்ட காசு திரும்ப ஏறத்தாழ ஆறு வருடம்!

தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப 14 பேராக இருந்தா?" என்று கேட்டார். வியாபாரி மூளை! 15க்குக் குறைந்த இடத்துக்கு இந்த இரண்டு சட்டமும் பொருந்தாது என்பது உண்மை. நம்மவர் கடைகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்குக்குள்தான். ஆனால் அங்கேயும் வேலை நீக்கத்துக்கு எதிராகவும் பணிக்கொடைக்காகவும் தொழில் நியாய சபைக்குப் போக ஊழியருக்கு வழி உண்டு. ஈ.பி.எப்., ஈ.ரீ.எப். ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கட்ட வேண்டும். மேலும் பணிக்கொடைக்கு 15 பேர் என்பதை வேலை முடிந்த நாளில் மட்டும் பார்ப்பதில்லை, அதற்கு முந்திய 12 மாதத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் போதும். இன்றைக்கு இரண்டு பேரை அனுப்பிவிட்டு நாளைக்கு மூன்றாமவரை அனுப்பும் தந்திரம் பலிக்காது.

கொப்பியில் எழுத முடியாத ஒன்றும் இருந்தது. நமது வியாபாரத்தில் பாதி தோட்டத்துக் கடன். லுணுகலைப் பக்கமும் மடுல்சீமைப் பக்கமும் எந்த லயத்தில் எந்தக் குடும்பம் 10ஆம் திகதி சம்பளம் எடுத்ததும் கொண்டு வந்து தரும், எது தீபாவளி முற்பணம் வரை இழுக்கும், யாருடைய மகள் கொழும்பில் வேலைக்குப் போயிருக்கிறாள், எல்லாம் அந்த 50,000 ரூபாக்காரனின் தலைக்குள் இருக்கிறது. ஆள் போனால் அந்தக் கடனில் எவ்வளவு வசூலாகும்? 35,000 ரூபாப் பொடியனுக்குத் துணி மடிக்கத் தெரியும், ஆனால் அந்த வீடுகள் தெரியாது. பத்திரனவைச் சென்னை விட்டபோது கொல்கத்தா காத்திருந்தது. இங்கேயும் எதிர்ப் புடவைக் கடை காத்திருக்கும்.

கடைசியில் அவர் ஆளை நிறுத்தவில்லை. முந்திய மாதம் தானாக விலகிப் போன இரண்டு பொடியன்மாரின் இடத்துக்குப் புதிதாக எவரையும் போடாமல் விட்டார். அதில் நட்டஈடும் இல்லை, மனக்கசப்பும் இல்லை. பழைய சேல்ஸ்மன் 10ஆம் திகதிக்குப் பிறகு மூன்று நாள் கடன் கொப்பியோடு தோட்டப் பக்கம் போகிறார். பணிக்கொடைக்கென்று அவர் பேரில் மாதம் 2,083 ரூபா வீதம், வட்டியில்லாக் கணக்கொன்றில் தனியாகப் போட ஆரம்பித்திருக்கிறார் முதலாளி. முந்திய 11 வருடத்துப் பாக்கி 275,000ஐ எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் இன்னும் பேசிக் கொண்டிருக்கிறோம்.