எதையும் வீணாக்காத விஸ்கி ஆலை!

சாராயம் காய்ச்ச அடுப்பு எரிய வேண்டும். அடுப்பு எரிய எண்ணெயோ எரிவாயுவோ வேண்டும். காய்ச்சி முடித்தால் சக்கை மலைபோலக் குவியும். கழிவு நீர் ஓடும். சாராய ஆலை என்றாலே இதுதான் காட்சி.

அடுப்புக்கு எண்ணெய் வேண்டாம், சக்கையும் வீணாகாது என்று ஒரு விஸ்கி ஆலை நடக்கிறது! அதைத் தொடங்கியவர் ஒரு பெண்!

குடி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. இந்த ஆலை வேலை செய்யும் விதம்தான் அதிசயம்.

சாலை முடியும் இடம்

ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குக் கடற்கரையில் டிரிம்னின் என்று ஒரு சிற்றூர். அங்கே போவது லேசு அல்ல. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குறுகலான சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும்! சாலை முடிகிற ஊர் அது. எதிரே கடல். கடலுக்கு அப்பால் மல் தீவு.

அங்கே பழைய பண்ணைக் கட்டிடங்களை ஆலையாக மாற்றி இருக்கிறார்கள். ஆலையின் பெயர் நூக்நீயன். ஸ்காட்லாந்து மக்களின் பழங்கதைகளில் வரும் ஆவிகளின் ராணி பெயரைச் சுருக்கி வைத்த பெயர் இது. ஆவியைக் குளிர வைத்துத்தானே விஸ்கி இறக்குகிறார்கள், பெயர் பொருத்தம்தான்!

உத்தியோகத்தை உதறினார்

ஆலையைத் தொடங்கியவர் அனபெல் தாமஸ். லண்டனில் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் உத்தியோகத்தில் இருந்தவர். டிரிம்னின் பண்ணை அவருடைய பெற்றோருக்குச் சொந்தம். விஸ்கி ஆலைகள் மண்ணையும் காற்றையும் நினைத்துப் பார்ப்பதில்லையே என்ற குறை அவருக்கு. 2013-ம் ஆண்டில் உத்தியோகத்தை உதறிவிட்டு ஆலை வேலையில் இறங்கினார்.

2017-ல் முதல் சாராயம் இறங்கியது. ஆனால் உடனே விற்க முடியாது! ஓக் மரப் பீப்பாயில் மூன்று ஆண்டுகளாவது இருந்தால்தான் "ஸ்காட்ச் விஸ்கி" என்று பெயர் போடலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். போட்ட பணம் பீப்பாயில் தூங்கியது. அதுவரை மூலிகை சேர்த்த சாராயத்தை விற்றுச் சமாளித்தார்கள்.

பசுவுக்குத் தீனி

முளை கட்டிய பார்லியை அரைத்து வெந்நீரில் கலக்குகிறார்கள். பூச்சிமருந்தும் ரசாயன உரமும் போடாமல் விளைந்த பார்லி மட்டுமே வாங்குகிறார்கள். இனிப்பு நீரை வடித்ததும் மிஞ்சும் சக்கை மாடுகளுக்குத் தீனியாகப் போகிறது.

இனிப்பு நீரில் ஈஸ்ட் சேர்த்துச் சில நாள் ஊற வைக்கிறார்கள். அந்த ஊறலைச் செம்பு அண்டாவில் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். அண்டாவின் அடியில் தங்கும் கழிவு நீரும் வயலுக்கு உரமாகிறது.

ஆவியைக் குளிர வைக்கத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். அதற்கு ஒரு குட்டை வெட்டி இருக்கிறார்கள். சூடான தண்ணீர் குட்டைக்குப் போய் ஆறி, மறுபடி ஆலைக்கு வருகிறது. அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது!

அடுப்பில் மரத்துண்டு

சாராய ஆலையில் நெருப்புக்கு நிறையச் செலவாகும். இங்கே பக்கத்துக் காட்டு மரத்தைச் சிறு துண்டுகளாக்கி எரிக்கிறார்கள்.

"விறகு எரித்தால் மட்டும் புகை வராதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெட்டிய மரத்துக்குப் பதில் வேறு மரம் நடுகிறார்கள். எரியும்போது வெளிவரும் கரியமில வாயுவை வளரும் மரம் திரும்ப இழுத்துக் கொள்கிறது. ஆனால் அதற்குப் பல வருஷம் ஆகும். பூமிக்கடியில் இருந்து எடுத்த எண்ணெய்க்கு அந்த வழியும் இல்லை.

ஒரு பாட்டில் 41,004 பவுன்!

2020-ல் முதல் விஸ்கி வெளிவந்தது. முதல் பாட்டில் 41,004 பவுனுக்கு ஏலம் போனது! பணம் தர்ம காரியங்களுக்குப் போயிற்று.

பாட்டிலும் பழைய கண்ணாடியை உருக்கிச் செய்ததுதான். அழகு அட்டைக்குழாய் வேண்டும் என்று கேட்டால்தான் கொடுக்கிறார்கள்.

2021-ல் இந்த ஆலைக்குக் கரியமில வாயுக் கணக்கு பூஜ்யம் என்று சான்று கிடைத்தது. ஆலைக்குள் நடக்கும் வேலைக்கு மட்டும்தான் அந்தச் சான்று. மிச்சமிருந்த கொஞ்சம் வாயுவுக்குப் பணம் கொடுத்து ஈடு செய்தார்கள். பார்லி விளைவது, கண்ணாடி உருக்குவது, லாரியிலும் கப்பலிலும் பாட்டில் போவது எல்லாம் வேறு கணக்கு. அந்தக் கணக்கு இன்னும் பூஜ்யம் ஆகவில்லை.