மாஜினியும் பழவேற்காட்டுப் பாடும்

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரப் பக்கம் இறால் நன்றாகப் படும் இடங்கள் உண்டு. அங்கே யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதைப் பணம் முடிவு செய்வதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற உரிமையுள்ள குப்பங்களில் தலைக்கட்டுக் கணக்கு உண்டு. முறை வந்தவர் சுத்துவலை கட்டுவார், மற்றவர் காத்திருப்பார். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தலையிடும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பாடு.

பொதுவில் சம பங்கு, ஆளுக்கு ஒரு முறை. பழைய ஏதென்ஸ் தன் ஆலோசனை அவைக்கும் நீதிமன்றங்களுக்கும் குடிமக்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்ததும் இதே எண்ணத்தில்தான்.

ஏதென்ஸின் கனவு நமக்கு வந்தது இத்தாலி வழியாக; பழைய கிரேக்கத்திடம் இத்தாலிய தேசியம் பட்ட கடன் பெரிது. 1778இல் சாக்கிந்தோஸ் தீவில் கிரேக்கத் தாய்க்குப் பிறந்தவர் இத்தாலியக் கவிஞர் உகோ ஃபோஸ்கோலோ. கல்லறைகளைப் பற்றி அவர் 1807இல் வெளியிட்ட கவிதையில், யூபியா தீவை ஒட்டி இரவில் கப்பலோட்டும் மாலுமி, மாரத்தான் கரையில் மாண்ட வீரர்கள் மறுபடி போரிடக் காண்கிறான். அன்னியருக்கு அடங்கிக் கிடந்த இத்தாலியில் அது சாதாரணக் காட்சியா? பின்னாளில் இத்தாலிய விடுதலைக்குப் போராடிய மாஜினி, ஜெனோவாவில் மாணவராக இருந்தபோது ஃபோஸ்கோலோவின் நாவலை ஏறக்குறைய மனப்பாடமே செய்துவிட்டார். அதன் நாயகனைப் போல மகனும் உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று தாய் அஞ்சினார். அந்த மகன்தான் 1831இல் மார்செய் நகரில் 'இளம் இத்தாலி' சங்கத்தைத் தொடங்கினார்.

அச்சங்கத்தில் மாஜினி எடுத்த உறுதிமொழியைப் பாரதி தமிழ்க் கவிதை ஆக்கினார். ஏதென்ஸில் கிளம்பிய கனவு, இத்தாலியைச் சுற்றிக்கொண்டு நம் கரைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் ஏதென்ஸின் குறை பாடு முறையிலும் இருக்கிறது. அங்கே பெண்களும் அடிமைகளும் வெளியே நின்றார்கள். இங்கே பாடு, மீனவச் சமூகமான பட்டினவரின் ஆண்களுக்கானது. ஓலைக்கூடையைப் பல்லில் கடித்தபடி, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. பங்கீட்டில் இத்தனை நேர்மை காட்டும் ஊர்கள் இதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு வலிக்கிறது. பாடு முறையை ஒழிக்கச் சொல்லவில்லை; ஒழித்தால் பணக்காரனின் வலை மட்டுமே மிஞ்சும். வரிசையை நீட்ட வேண்டும். மாஜினியே 1860இல் 'மனிதனின் கடமைகள்' நூலில் பெண்ணை ஆணுக்குச் சமமாகக் கொள்ளும்படி இத்தாலியத் தொழிலாளிகளிடம் கேட்டார். அதே கோரிக்கை குப்பத்து ஊர்க்கூட்டத்திலும் எழ வேண்டும். அதை எழுப்ப முதலில் அந்தப் பெண்களைக் கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும்.