விளையாட்டு ரைஃபிள்: வாங்குவதா, செய்வதா?

விளையாட்டு ரைஃபிள் என்பது குறி பார்த்துச் சுடும் போட்டிக்கும் பயிற்சிக்கும் பயன்படும் நீண்ட குழல் துப்பாக்கி. அதை முழுமையாகக் கடையில் வாங்குவதா, உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே செய்துகொள்வதா என்ற விவாதம் இணையத்தில் நிறையவே நடக்கிறது. காணொளிகளில் அதைப் பார்க்கும் நம் மாணவர்களுக்கு, இங்கும் அப்படி ஒரு தேர்வு இருப்பதாகத் தோன்றக்கூடும். இந்தியாவில் தனிமனிதருக்கு அந்தத் தேர்வு இல்லை. செய்வது கடுங்குற்றம். வாங்குவதற்கும் உரிமம் வேண்டும். இதற்கான காரணத்தையும், சுடும் விளையாட்டில் ஆர்வமுள்ளவருக்குத் திறந்திருக்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

துப்பாக்கி வகைகள்

ரைஃபிளின் குழலுக்குள் சுருள் வடிவில் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே வெளியேறும் குண்டு பம்பரம்போல் சுழல்வதால் நிலை தடுமாறாமல் நேராகச் செல்கிறது. பறவை வேட்டைக்குப் பயன்பட்ட பழைய துப்பாக்கிகளின் குழல் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். அடிப்படை வேறுபாடு இதுவே.

அடுத்த தோட்டா எப்படிக் குழலுக்குள் வருகிறது என்பதை வைத்து ரைஃபிள்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கைமுறை ரைஃபிள்: கதவுத் தாழ்ப்பாளைப்போல் ஒரு கைப்பிடியை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். இதை 'போல்ட் ஆக்‌ஷன்' என்பர்.
2. அரைத் தானியங்கி: விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு வெளியேறும். அந்த வெடிப்பின் ஆற்றலிலேயே அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். மறுபடி சுட, விசையை மறுபடி அழுத்த வேண்டும்.
3. முழுத் தானியங்கி: விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அல்லது தோட்டாக்கள் தீரும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும்.

இவை தவிர, வெடிமருந்தே இல்லாமல் அழுத்தப்பட்ட காற்றால் சிறு ஈயக்குண்டைத் தள்ளும் காற்று ரைஃபிளும் உண்டு. இன்றைய ஒலிம்பிக் போட்டியில் அதற்குத் தனி இடம் இருக்கிறது.

கேள்வி பிறந்த இடம்

'வாங்குவதா, செய்வதா' என்ற கேள்வி அமெரிக்காவில் பிறந்தது. அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விற்பனைக்காகத் துப்பாக்கி செய்பவர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்துகொள்வதைப் பொதுவாகத் தடுக்கவில்லை. மேலும், துப்பாக்கியின் இயங்கு பாகங்களைத் தாங்கும் சட்டகமே அங்கே சட்டத்தின் பார்வையில் 'துப்பாக்கி'. குழல், விசை, பின்கட்டை போன்றவை பெரும்பாலும் சாதாரண உதிரிப் பாகங்களாகவே விற்கப்படுகின்றன. அதனால்தான் அங்கு ஒருவர் விலையையும் வசதியையும் ஒப்பிட்டு முடிவெடுக்க முடிகிறது.

அங்கும் நிலைமை மாறி வருகிறது. வரிசை எண் இல்லாத, வீட்டில் செய்த துப்பாக்கிகள் குற்றங்களில் சிக்கத் தொடங்கியபின், 2022இல் பாதி முடித்த சட்டகங்களுக்கும் பாகத் தொகுப்புகளுக்கும் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது.

இந்தியச் சட்டத்தில் 'செய்தல்'

இந்தியாவில் இதை ஆள்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், அதன்கீழ் வகுக்கப்பட்ட 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் ஆகும். மாணவர்கள் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு இச்சட்டம் தரும் பொருள். முழுத் துப்பாக்கி மட்டுமல்லாமல் அதன் பாகங்களும், அதைச் செய்வதற்கான இயந்திரங்களும் அச்சொல்லில் அடங்கும். எனவே 'நான் துப்பாக்கி செய்யவில்லை, ஒரு பாகத்தை மட்டும்தான் செய்தேன்' என்ற வாதம் இங்கே எடுபடாது.

இரண்டாவது, 5ஆம் பிரிவு. உரிமம் இல்லாமல் ஆயுதம் செய்யக்கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது ஆகியவற்றுக்கும் உரிமம் கேட்கிறது. பொம்மைத் துப்பாக்கியை உண்மையாகச் சுடும்படி மாற்றுவதையும், குழலை வெட்டிக் குறுக்குவதையும் 6ஆம் பிரிவு தனியே தடுக்கிறது.

மூன்றாவது, தண்டனை. 2019 திசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உரிமமின்றி ஆயுதம் செய்பவருக்கு 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. அது ஆயுள்தண்டனை வரை நீளலாம், அபராதமும் சேரும். முன்பு இதே குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரைதான் சிறை. பழைய சட்டத்தின் உச்ச அளவே இப்போது தொடக்க அளவாகிவிட்டது.

தமிழ்நாட்டின் மலையோரச் சிற்றூர்களில் பயிரைக் காக்கவும் வேட்டைக்கும் நாட்டுத் துப்பாக்கி செய்து வைத்துக்கொள்வது பழைய வழக்கம். உரிமம் இல்லாதவற்றை ஒப்படைத்துவிடும்படி காவல்துறை அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறது. 'எங்கள் தாத்தா காலத்துத் துப்பாக்கி' என்பதற்காகச் சட்டம் விலக்குத் தருவதில்லை.

பட்டறைக்கு வரும் வரைபடம்

சென்னையின் மேற்குப் புறநகரில் இச்செய்திக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் லேத் பட்டறைகளும், கணினிவழி இயங்கும் கடைசல் இயந்திரங்களும் ஏராளம். ஆவடி, பூந்தமல்லி வரை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்த இளைஞர்கள் அவற்றில் வேலை செய்கிறார்கள். ஒரு வரைபடத்தைக் கொடுத்தால், நூலிழை பிசகாமல் உலோகத்தைக் கடைந்து தரும் திறமை அவர்களிடம் இருக்கிறது.

அந்தத் திறமையே சிக்கலையும் கொண்டுவரலாம். எதற்கு என்று சொல்லாமல், ரசீதும் வேண்டாம் என்று ஒருவர் குழாய்த் துண்டோ விசைப் பாகமோ கடைந்து தரச் சொன்னால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். வரைபடம் யாருடையது, பாகம் எதில் பொருந்துகிறது, எந்த நிறுவனத்தின் பெயரில் ரசீது என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பதில் தெளிவாக இல்லையென்றால் வேலையை மறுப்பதே நல்லது. முப்பரிமாண அச்சுப்பொறியில் பாகம் எடுத்துத் தரும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். உலோகமா, நெகிழியா என்பதை வைத்துச் சட்டம் வேறுபாடு காட்டுவதில்லை.

வாங்குதல்: படிகளும் வரம்புகளும்

ரைஃபிள் வாங்க முதலில் உரிமம் பெற வேண்டும். காவல் ஆணையரகம் உள்ள இடங்களில் ஆணையரும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை 2022இல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தில் அடங்குகின்றன.

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை அவரது பின்னணியை விசாரிக்கும். உடல்நிலை, மனநிலை பற்றிய மருத்துவச் சான்றும், ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் தேவை. 2019 திருத்தத்துக்குப்பின் ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருக்க முடியாது. முன்பு 3 வரை வைத்திருக்கலாம். உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக உயர்ந்தது. தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கையில் தனிச் சலுகை உண்டு.

அரைத் தானியங்கி ரைஃபிளின் நிலை வேறு. ஆயுத விதிகளின் அட்டவணை, ரிவால்வர், பிஸ்டல் வகைகளைத் தனியே வைத்துவிட்டு, அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை முதல் வகையில் சேர்க்கிறது. அதே வகையில் முழுத் தானியங்கிகளும், படையினரின் .303, 7.62 மி.மீ. தோட்டாக்களை ஏற்கும் ரைஃபிள்களும் இடம்பெறுகின்றன. அவற்றுக்கு உரிமம் வழங்குவது மத்திய அரசின் அதிகாரம். ஆணையர் அலுவலகத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ அது கிடைக்காது.

எனவே சாதாரணக் குடிமகனுக்குக் கிடைப்பது கைமுறை ரைஃபிளே. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை தயாரிக்கும் .315 விளையாட்டு ரைஃபிள் இவற்றில் பெயர்பெற்றது. படையினரின் .303 தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தக்கூடாது என்பதற்காகவே இந்த வேறு அளவு பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வழக்குக்கு வந்தது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வணிகத்துக்காக இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. தேசியப் போட்டியில் உரிய மதிப்பெண் எடுத்துத் தகுதி பெற்ற வீரர்கள் மட்டும் தம் பயிற்சிக்காக விதிகளின்படி இறக்குமதி செய்துகொள்ளலாம்.

விளையாட்டுக்கு அரைத் தானியங்கி ரைஃபிள் தேவையா?

தேவையில்லை. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் ஒவ்வொரு குண்டையும் வீரர் கையால் நிரப்பியே சுட வேண்டும்.

10 மீட்டர் காற்று ரைஃபிள் போட்டியில் 4.5 மி.மீ. ஈயக்குண்டு பயன்படுகிறது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். நின்ற நிலையில் 60 முறை சுட வேண்டும். 50 மீட்டர் போட்டியில் .22 அளவுள்ள ரைஃபிளால் முழந்தாளிட்டும், படுத்தும், நின்றும் சுட வேண்டும். இரண்டிலும் மூச்சை அடக்கும் பொறுமைதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. வேகமாகச் சுடுவதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. அரைத் தானியங்கி பயன்படுவது 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில்தான். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றது அத்தகைய விரைவுப் பிஸ்டல் போட்டியில்.

இந்தியாவின் ரைஃபிள் பதக்கங்களைப் பாருங்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கமும், 2012 இலண்டனில் சென்னையில் பிறந்த ககன் நரங்கின் வெண்கலமும் காற்று ரைஃபிளில் கிடைத்தவை. 2024 பாரிசில் சுவப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் காற்று ரைஃபிளில்தான்.

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதால் அது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. கண்ணைப் பறிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பறவைகளைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தலாம். ஆகவே கற்க விரும்புபவர் முதலில் சொந்தமாக எதையும் வாங்காமல், மாநிலச் சங்கத்துடன் இணைந்த துப்பாக்கிக் கழகம் ஒன்றில் சேர்ந்து, பயிற்றுநரின் கண்காணிப்பில் கழகத்தின் துப்பாக்கியைக் கொண்டு தொடங்குவதே முறை. 21 வயதுக்கு உட்பட்டவர்களும் விதிகளுக்கு உட்பட்டு இவ்வாறு பயிற்சி பெற முடியும்.

அரசு எதிர்கொள்ளும் அதே கேள்வி

'வாங்குவதா, செய்வதா' என்ற கேள்வி இந்தியாவில் உண்மையாகவே எழுவது அரசின் முன்தான்.

1962 சீனப் போரில் நம் வீரர்கள் பலர் பழைய .303 கைமுறை ரைஃபிளோடு நின்றார்கள். அதன்பின் படைகளுக்குப் பரவலாகக் கிடைத்த எஸ்.எல்.ஆர்., ஓர் அரைத் தானியங்கி ரைஃபிள். பெல்ஜிய நாட்டு எஃப்.என். நிறுவனத்தின் ஃபால் ரைஃபிளைத் தழுவி இஷாப்பூரில் அது உருவானது. முறையான உரிம ஒப்பந்தம் இல்லாமல் செய்ததால் அந்த நிறுவனத்துடன் பிணக்கும் எழுந்தது. செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, செய்யும் உரிமையும் வேண்டும் என்பது நாடுகளுக்கும் பொருந்துகிறது.

1990களில் சொந்த வடிவமைப்பான இன்சாஸ் வந்தது. 2019இல் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 ரைஃபிள்கள் நேரடியாக வாங்கப்பட்டன. 2021 திசம்பரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 ரைஃபிள்களை இரசியக் கூட்டுடன் உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் செய்ய ஒப்பந்தமானது. அவசரத் தேவைக்கு வாங்குவது, நீண்டகாலத் தேவைக்கு இங்கேயே செய்வது என இரு வழிகளும் பக்கம்பக்கமாகச் செல்கின்றன.

ஆவடிக்கு இந்தக் கதை புதிதன்று. 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் உரிமத்தோடு விஜயந்தா டாங்கியைச் செய்யத் தொடங்கியது. பின்னர் டி-72, டி-90 ஆகியவை வெளிநாட்டு வடிவமைப்பில் இங்கே உருவாயின. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்ததே ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம்தான். 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலைகள் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டு கவச வாகன நிறுவனம் அமைந்தது. ரைஃபிள் செய்யும் திருச்சிராப்பள்ளி, இஷாப்பூர் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மற்றொரு நிறுவனத்தின்கீழ் வந்தன.

இத்தகைய தொழிற்சாலைகளில் செய்யப்படும் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் வரிசை எண் உண்டு. குழலை மிகை அழுத்தத்தில் சோதித்துப் பார்த்த பிறகே வெளியே அனுப்புகிறார்கள். அது வெடித்தால் யார் பொறுப்பு, தொலைந்தால் யார் பதில் சொல்வது என்பது ஏட்டில் இருக்கும். வீட்டில் இரகசியமாகச் செய்த துப்பாக்கிக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. சுடுபவரின் முகத்துக்கு முன்னாலேயே அது வெடிக்கவும் கூடும்.

தொகுப்பு

சுடும் விளையாட்டில் விருப்பம் உள்ள மாணவருக்குக் காற்று ரைஃபிளும் கழகமும் போதும். இயந்திரம் செய்வதில் விருப்பம் உள்ள மாணவருக்கு ஆவடியிலும் திருச்சியிலும் தொழிற்பழகுநர் பயிற்சி முதல் பொறியாளர் பணி வரை நேர்வழி இருக்கிறது. இரு விருப்பங்களையும் சேர்த்துத் தன் வீட்டு மாடியில் ஒரு துப்பாக்கியைச் செய்து பார்க்க நினைப்பவர், ஒரு மாலை நேரத்து ஆர்வத்துக்காகக் குறைந்தது 7 ஆண்டுகளைப் பணயம் வைக்கிறார். உரிமக் கட்டணமும் விதிகளின் நுணுக்கங்களும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் ஆணையர் அல்லது ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.