பனியன் நகரத்துப் பண்டிகைகள் – 9: சிசுக்கள் வகுத்த கிறிஸ்துமஸ்

திருப்பூருக்கு ஆண்டுதோறும் இரண்டு கிறிஸ்துமஸ்கள் வருகின்றன. முதலாவது, ஆனி ஆடி மாதங்களின் மேல்காற்றோடு வந்து, கட்டிங் மேஜையிலும் பவர்டேபிளிலும் செக்கிங் பிரிவிலும் உருப்பெற்று, புரட்டாசி பிறப்பதற்குள் அட்டைப்பெட்டிகளில் அடைபட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிப் பிரயாணப்பட்டுவிடுவது. இரண்டாவது, அந்தப் பெட்டிகளெல்லாம் கடல் கடந்து அந்நிய தேசத்துக் கடைவீதிகளில் விற்றுத் தீர்ந்தபின், இங்குள்ள டைலர்கள் அடுத்த கோடைக்கால ஆர்டரில் மூழ்கியிருக்கும் மார்கழிப் பனியில், யாரும் அழைக்காமல் நாட்காட்டியைப் பார்த்து வருவது. தீபாவளி போனஸைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, இந்நகரத்துப் பண்டிகைகள் யாவும் ஆர்டரின் தயவில் நடப்பவை என்று கூறியிருந்தேன். கிறிஸ்துமஸ் அதற்கு மேலும் ஒரு தயவை வேண்டி நிற்பது. கைக்குழந்தையும் தவழ்ந்து எழுந்து ஓடப் பழகிய குழந்தையும் சேர்ந்து இருக்கும் இல்லத்தில், அவ்விரு எஜமானர்களின் சம்மதமின்றி ஒரு மெழுகுவர்த்தியைக்கூட ஏற்ற இயலாது.

முதற் கிறிஸ்துமஸின் விசித்திரத்தைச் சிறிது விஸ்தரிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்து சில மாதங்களே ஆன சிசுக்களுக்கு அணிவிக்கும் ரோம்பர்களிலும் பாடி சூட்களிலும், சிவப்புக் குல்லாய்த் தாத்தாவையும் கலைமானையும் பனிப்பொம்மையையும் அச்சிடும் வேலை, இங்கே நெற்றி வியர்வை வழியும் நாட்களில் நடைபெறுகிறது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்குண்டு, பல சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தபோது, பிரயாணம் ஏறத்தாழ இரு வாரங்கள் நீண்டது. அதற்கேற்ப இந்த நகரத்துக் கலைமான்களும் இன்னும் முன்கூட்டியே ஓட வேண்டியதாயிற்று.

எங்கள் இல்லத்தில் இவ்வாண்டு இரண்டு வயதுப் பேரன் ஒருவனும், ஐந்து மாதம் நிரம்பிய பேத்தி ஒருத்தியும் இருக்கிறார்கள். மகள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவள். மருமகன் கட்டிங் மாஸ்டர். நாங்கள் நாசரேத் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். பிழைப்பை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் அநேகம். டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால், ஈரோடு, கரூர், மதுரை வழியாகத் தெற்கே செல்லும் இரவு ரயில்களில் இடம் கிடைப்பது துர்லபமாகிவிடும். இரு சிசுக்களுடனும், அவர்களது பால் புட்டி, தொட்டில் சேலை, மாற்றுத் துணி முதலிய பரிவாரங்களுடனும் அந்த நெரிசலில் புகுவதைக் காட்டிலும், பண்டிகையை இங்கேயே அனுஷ்டிப்பது என்று என் மனைவிதான் தீர்மானம் செய்தாள். ஊரில் உள்ளவர்களுக்கு அதைச் சொல்லிச் சமாதானம் செய்யும் பொறுப்பு மட்டும் எனக்கு விடப்பட்டது.

கொங்கு நாட்டிற்குக் கிறிஸ்தவம் நேற்று வந்ததன்று. கருமத்தம்பட்டியின் செபமாலை அன்னை ஆலயத்தின் சரித்திரம் பதினேழாம் நூற்றாண்டிற்குச் செல்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் போதகர் கோயம்புத்தூரில் வந்திறங்கியது 1830இல். தாராபுரத்துப் பக்கம் மெதடிஸ்டுகள் பள்ளிகளை நிறுவினார்கள். ஆகவே, குமரன் சாலையில் உள்ள புனித கத்தரீன் ஆலயத்திற்கு நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்லும் கூட்டத்திலும், எங்களைப் போன்ற தென்னிந்தியத் திருச்சபையார் விடியற்காலத்தில் கூடும் ஆராதனையிலும், இந்த மண்ணின் பழங்குடிகளும் எங்களைப் போல வந்தேறியவர்களும் கலந்தே நிற்கிறார்கள்.

நாசரேத்தில் என் பால்யத்தில், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நட்சத்திரங்கள் மறையும் முன்பே புறப்பட்டாக வேண்டும். உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்வது பக்தியின் லட்சணமாகவே கருதப்பட்டது. இப்போது எங்கள் இல்லத்தில் வேறொரு சம்பிரதாயம் உருவாகியிருக்கிறது. நானும் மருமகனும் விடியற்கால ஆராதனைக்குச் சென்று திரும்புவது. அதன்பின் மகளும் மனைவியும் பேரனை அழைத்துக்கொண்டு அடுத்த ஆராதனைக்குச் செல்வது. கைக்குழந்தை பால் அருந்தி உறங்கும் வேளையை அனுசரித்து அவளை உடன் கொண்டுபோவதா, என்னிடம் ஒப்படைப்பதா என்பதைத் தீர்மானிப்பது. குடும்பம் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் காட்சி இதனால் இல்லாமற் போகிறது என்று வருந்துவோர் உண்டு. ஆனால் அந்த முதற் கிறிஸ்துமஸ் இரவில், பிரசவித்த களைப்போடிருந்த ஒரு தாயும் அவள் குழந்தையும் எங்கும் போகவில்லை; அவர்களைத் தேடி மேய்ப்பர்கள்தாம் வந்தார்கள் என்பதை நினைத்தால், வருத்தத்திற்குக் காரணமில்லை.

இனி, உடைக்கு வருவோம். பனியன் நகரத்தில் அதைப் பேசாமல் எதைப் பேசுவது? பண்டிகைக்கு முந்திய வாரத்தில் உறவினர் ஒருவர் பேத்திக்கென்று ஒரு கவுன் கொண்டுவந்து கொடுத்தார். வலைத்துணியும் ஜிகினாவும் கல்லும் பதித்து, விளக்கொளியில் கண்ணைப் பறிக்கும் அந்த உடுப்பை, மகள் தனது உத்தியோக வழக்கப்படி திருப்பிப் போட்டு உள்தையலைத் தடவிப் பார்த்தாள். ஒரு கல்லைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. “அப்பா, இது எங்க செக்கிங் டேபிளையே தாண்டாது” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அந்தச் செக்கிங் டேபிளில் என்ன நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவது நலம். சிசுவின் உடுப்பில் வைக்கும் பிரஸ் பட்டனைக் கருவியில் மாட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். பல பையர்கள் கோருவது 90 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ ஒன்பது கிலோ எடை தொங்கினாலும் பட்டன் கழன்று குழந்தையின் தொண்டைக்குப் போகக் கூடாது. ஐரோப்பாவின் இ.என். 14682 என்னும் தர விதி, சிறு குழந்தைகளின் கழுத்துப் பகுதியிலும் தலைக்குல்லாயிலும் இழுகயிறே இருக்கலாகாது என்கிறது. விளையாடும்போது எதிலேனும் மாட்டிக் கழுத்தை நெரிக்கும் அபாயமே காரணம். தைக்கும்போது ஊசி முறிந்தால், அதன் துணுக்குகள் அத்தனையையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக் காட்டினால்தான் டைலருக்குப் புதிய ஊசி கிடைக்கும். அதற்குப் பிறகும் உடுப்பு ஊசி கண்டறியும் இயந்திரத்தைக் கடந்தே பெட்டிக்குள் செல்லும். முகமறியாத ஒரு சிசுவிற்காக இத்துணை எச்சரிக்கை.

முடிவில், ரயில் நிலையத்தை அடுத்த காதர்பேட்டையில், ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்குகள் குவிந்து கிடக்கும் கடையொன்றில், இன்டர்லாக் பருத்தித் துணியில் தைத்த வெள்ளை ரோம்பர் ஒன்றைப் பேத்திக்கு வாங்கினோம். எதிர்வீட்டில் வசிக்கும் அவிநாசிப் பக்கத்து மூதாட்டி அதைப் பார்த்துவிட்டு, “இதுதானுங்க சரி. பச்சைக் கொழந்தைக்கு எதுக்குங்க ஜிகினா? மேலெல்லாம் கீறிப் போடுமுங்க” என்று சான்றிதழ் வழங்கினார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், பிறந்த பாலகனுக்கு அவன் தாய் செய்ததாகச் சொல்லப்படும் முதற் காரியம், அவனைத் துணியில் சுற்றியதே. பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் பின்னால் வந்தவை. மத்தேயு சொல்லும் கதையில் வருபவை. துணியை ஜீவனமாகக் கொண்ட ஒரு நகரம் இந்தப் பண்டிகையில் அபிமானம் கொள்ள இது ஒன்றே போதும்.

குடிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இத்தாலியில் கிரேச்சோ என்னும் சிற்றூரில், 1223ஆம் ஆண்டில், அசிசி நகரத்து பிரான்சிஸ் மெய்யான மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் வைத்து அமைத்த காட்சியே, இன்று உலகெங்கும் வைக்கப்படும் குடில்களுக்கு ஆதி மாதிரி என்பர். நாங்கள் கூடத்து மூலையில், பனியன் கட்டிங் வேஸ்டைப் பரப்பிப் புல்வெளியாக்கி, மண்பொம்மைகளை வரிசைப்படுத்தினோம். பேரன் அன்று மாலையே மேய்ப்பர் இருவரை நீர்க்குடத்தில் போட்டான். ஒட்டகத்தைத் தன் தலையணைக்கடியில் ஒளித்தான். ஆட்டுக்குட்டியைத் தங்கையின் தொட்டிலுக்குக் காணிக்கையாக்கினான். பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்றும், ஆண்பிள்ளையின் பிற்பருவத்தைச் சிற்றில் என்றும் வகுத்து, சிறுமியர் கட்டிய மணல்வீட்டை அவன் காலால் சிதைப்பதையே ஒரு லீலையாகக் கொண்டாடினார்கள். முழங்காலை ஊன்றித் தலையை நிமிர்த்த முயலும் பேத்தியையும் குடிலைச் சிதைக்கும் பேரனையும் ஒருசேரப் பார்த்தபோது, தெய்வத்தைக் குழந்தையாக்கிச் சீராட்டும் இந்தப் பண்டிகை தமிழனுக்கு ஒருபோதும் அந்நியமாய் இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றியது. பின்னர் மண்பொம்மைகள் அலமாரியின் உச்சிக்குக் குடிபெயர்ந்தன. துணியில் தைத்த பொம்மைகள் தரைக்கு வந்தன. சிறு பட்டன் பாட்டரியில் எரியும் விளக்குகளை அடியோடு விலக்கினோம். விழுங்கிவிட்டால் அவை குழந்தையின் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும்.

கீத பவனி வரும் சபையாருக்கு முன்கூட்டியே சொல்லி, இரவு எட்டு மணிக்குள் எங்கள் தெருவுக்கு வரும்படியும், டிரம்மை வாசலுக்கு அப்பால் நிறுத்தும்படியும் கேட்டுக்கொண்டோம். வாலிபர்கள் அன்போடு இசைந்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் வந்தவரைக் கண்டு பேரன் வீரிட்டழுது என் வேஷ்டிக்குள் புகுந்தான். அவர் தாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக் காட்டியபின்தான் மிட்டாயைப் பெற்றுக்கொண்டான். அந்தப் பருவத்துக் குழந்தைக்கு அறிமுகமில்லாத முகம் அச்சம் தருவது இயல்பு. புகைப்படத்திற்காக அவனை அவர் மடியில் பலவந்தமாக அமர்த்துவதில் எவருக்கும் லாபமில்லை.

பலகாரங்களில் நெல்லைச் சம்பிரதாயம் வழுவவில்லை: முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம், காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். குழம்பு ஊற்றாத இட்லி பேரனுக்கு. ஆறு மாதம் நிரம்பும்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் கூடாதாகையால், கேக்கின் சர்க்கரைப் பூச்சைப் பேத்தியின் உதட்டில் தடவ நீண்ட விரல்களை என் மனைவி தடுத்தாள். நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தையும் ஓராண்டு நிரம்பும்வரை மருத்துவர்கள் விலக்குகிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சாகும்.

பலகாரத் தட்டோடு எதிர்வீட்டிற்குச் சென்றபோது, அந்த மூதாட்டி தம் ஊர்த் தலபுராணத்தைப் பேரனுக்குச் சொன்னார். அவிநாசியில் ஒரு வீதி வழியே சென்ற சுந்தரமூர்த்தி நாயனார், ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலியையும், எதிர்வீட்டில் அழுகுரலையும் கேட்டுக் காரணம் வினவினார். ஒத்த வயதுடைய இரு சிறுவர்கள் குளத்திற்குச் சென்றதும், ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்கே இன்று கல்யாணம் என்பதும் தெரியவந்தன. அவர் பதிகம் பாட, முதலை அந்தப் பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. எதிர்வீட்டு அழுகை நிற்கும்வரை இந்த வீட்டுக் கொண்டாட்டத்தைக் கடந்து செல்ல நாயனாருக்கு மனம் வரவில்லை. கிறிஸ்தவ நாட்காட்டியிலும், பாலகன் பிறந்த விழாவிற்கு மூன்றே நாள் கழித்து, டிசம்பர் 28ஆம் தேதி, ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளின் நினைவு நாள் வருகிறது. பிள்ளைகளின் பண்டிகையைக் கொண்டாடுவோர் எதிர்வீட்டுப் பிள்ளையையும் விசாரிக்க வேண்டும் என்பதில் இரண்டு சமயங்களுக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

விசாரித்தால் தெரிவது இது. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், முதலிரு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் கூடிய 26 வார விடுப்பை வழங்கியது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஸ்தாபனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் விதித்தது. என் மகளின் விடுப்பு புத்தாண்டோடு முடிகிறது. அவள் பணிபுரியும் இடத்தில் காப்பகம் உண்டு. ஆனால் இந்நகரத்தின் சந்துகளில், பத்தும் இருபதும் இயந்திரங்களோடு ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகளைச் சட்டத்தின் அந்தக் கை எட்டுவதில்லை. தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்தும் வந்து, உடன் இருக்கப் பாட்டி தாத்தா இல்லாமல், ஒன்றரை ஷிப்ட் நிற்கும் தாய்மார்களின் பிள்ளைகள் லைன் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தாரின் கருணையில் வளர்கிறார்கள்.

பல ஸ்தாபனங்கள் கூடிப் பொதுவில் ஒரு காப்பகம் நடத்துவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. சட்டம் வற்புறுத்தாத சிறு பட்டறைக்காரர்களும் அந்த வழியைப் பின்பற்றி, ஒரு சந்துக்கு ஓர் அறை, ஓர் ஆயா, நான்கு தொட்டில் என்று தொடங்கினால், செலவு ஒருவர் தலையில் விழாது. வேலைக்கு வரும் தாய்மாரின் வருகையும் சீர்படும். முகமறியாத சிசுவின் பட்டனைத் தொண்ணூறு நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கத் தெரிந்த நகரத்திற்கு இது பெரிய வித்தையன்று. பையர் கேட்டால் செய்து கொடுக்கும் சாமர்த்தியம் நம்மிடம் இருக்கிறது. கேட்கத் தெரியாத பிள்ளைகளுக்காகவும் அதைச் செய்யும் வருஷம், திருப்பூரின் இரண்டு கிறிஸ்துமஸ்களும் ஒன்றாகிவிடும்.

(தொடரும். அடுத்த வாரம்: பொங்கல் விடுமுறையில் காலியாகும் நகரம்.)