கிராபிக்ஸ் டிரைவர்: கீரிப்பாறைக் கணக்கு

கிராபிக்ஸ் டிரைவர் கோப்பு ஒன்று இன்று 800, 900 எம்.பி. வரை வருகிறது. என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் மூன்றுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். 2011இல் என்விடியாவின் டிரைவர் 200 எம்.பி.க்குள் அடங்கியது. நாகர்கோவிலில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டில், 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில், 900 எம்.பி. இறங்க 72 விநாடி போதும். அங்கிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாக மேலேறி, அரசு ரப்பர் கழகத் தோட்டங்களுக்கு நடுவிலிருக்கும் கீரிப்பாறைக்கு வாருங்கள். மலை மறைக்கும் ஒரு வீட்டில் செல்பேசி சிக்னல் 2 எம்.பி.பி.எஸ். தருகிறது என்று வைத்துக்கொண்டால், அதே கோப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் பேக்கில் அன்றைய டேட்டா தீர்ந்து, வேகம் 64 கே.பி.பி.எஸ்.க்கு இறங்கிவிட்டால் 1,12,500 விநாடி. அதாவது 31 மணி 15 நிமிடம்.

நள்ளிரவில் மறுநாள் டேட்டா வந்துவிடும் என்பதால் யாரும் 31 மணி நேரம் காத்திருக்கப்போவதில்லை. நள்ளிரவு வரை காத்திருப்பார்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் புறப்படும் வீட்டில் அந்த நேரம் எல்லோரும் உறங்கவேண்டிய நேரம். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனோ பெரும்பாலும் பால் வெட்டப் போகிறவருடையது.

கோளாறு எப்படி வருகிறது? விண்டோஸ் தன்னை அப்டேட் செய்துகொள்ளும்போது திரையை இயக்கும் டிரைவரையும் சேர்த்து மாற்றலாம். அல்லது பழைய டிரைவரை அப்படியே விட்டுவிட்டு, அது பேசிப் பழகிய அடித்தளத்தை மாற்றலாம். இரண்டில் எது நடந்தாலும் ரீஸ்டார்ட் ஆனபின் விளைவு ஒன்றுதான். எழுத்துகள் பெரிதாக, மங்கலாகத் தெரியும், வீடியோ திக்கும், சிலவற்றில் கருந்திரை மட்டும் நிற்கும். மங்கலாகத் தெரிவது நல்ல அறிகுறி. சரியான டிரைவர் கிடைக்காததால் விண்டோஸ் தன் கையிருப்பிலுள்ள அடிப்படை டிரைவரை வைத்துச் சமாளிக்கிறது என்று பொருள். கார்டு சாகவில்லை.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் பெரும்பணம் போகிறது. "அண்ணே, அப்டேட் போட்டேன், அதுக்கப்புறம் டிஸ்பிளே சரியில்ல" என்று பிள்ளைகள் கடைக்கு வருகிறார்கள். "ஃபார்மேட் போட்ருவோம் மக்கா" என்பது ஒரு பதில்; "மதர்போர்டு போயிட்டு" என்பது இன்னொன்று. ஃபார்மேட்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீரிப்பாறைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர். கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை என்று 80 கிலோமீட்டர் பயணம். இரண்டு அரை நாள் வேலை இழப்பு. ஃபார்மேட்டில் அழிந்த ப்ராஜெக்ட் கோப்புக்கு விலை போட முடியாது. மதர்போர்டு என்றால் ஆயிரக்கணக்கில். இவ்வளவுக்கும் மூலகாரணம் சரிசெய்யக்கூடிய ஒரு கோப்பு.

டேட்டா அளவைக்கொண்டு வைத்தியங்களை வரிசைப்படுத்தினால் முதல் மூன்றுக்கும் 0 எம்.பி.தான். திரை கருப்பாக நின்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். ஒரு விநாடி வேலை. அடுத்தது, டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான், ஐந்து நிமிடம். முந்தைய டிரைவர் ஒன்றை மட்டுமே விண்டோஸ் இப்படிப் பத்திரப்படுத்துகிறது. எனவே "புதுசு போட்டுப் பார்ப்போம்" என்று அடுத்தடுத்து இரண்டு டிரைவரை ஏற்றிவிட்டால், நன்றாக ஓடிய அந்தப் பழையது கையைவிட்டுப் போய்விடும். மூன்றாவது, விண்டோஸின் பெரிய அப்டேட்டையே திருப்பிவிடுவது. இதற்கு 10 நாள் கெடு. 2016 வரை 30 நாளாக இருந்ததை மைக்ரோசாஃப்ட் குறைத்தது.

பத்து நாள் என்பது நகரத்து அலுவலகத்தில் தாராளமான கெடு. கீரிப்பாறையில் அப்படியில்லை. எந்தப் பத்து நாளை எடுத்தாலும் அதில் ஒரு ஞாயிறோ இரண்டு ஞாயிறோதான் வரும். கல்லூரி விடுதியிலிருந்து பிள்ளை ஊருக்கு வந்து, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி, அவர் வேறொருவரைக் கேட்டுச் சொல்வதற்குள் கெடு முடிந்துவிடும். முடிந்ததும் பழைய விண்டோஸின் கோப்புகளைக் கணினி தானாகவே துடைத்துவிடுகிறது. நிர்வாகி அனுமதியுள்ள கட்டளை ஒன்றால் இந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டலாம். பெரிய அப்டேட் ஏறியதுமே, பத்து நாள் முடிவதற்குள், அதைச் செய்துவிட்டால் செலவு ஒன்றுமில்லை. 60 நாளில் எட்டு ஞாயிறாவது வரும்.

இதற்குமேல் போனால் டேட்டா செலவு தொடங்குகிறது. உற்பத்தியாளரின் டிரைவரை முழுதாக இறக்க 900 எம்.பி. விண்டோஸ் 11ஐ முதலிலிருந்து நிறுவ 5 ஜி.பி.க்கு மேல், 5.4 என்று கொண்டால், 1.5 ஜி.பி. பேக்கில் நான்கு நாள் டேட்டா, 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஆறு மணி நேரம். மின்சாரம் இதில் சொற்பம்; 40 வாட் இழுக்கும் மடிக்கணினி ஆறு மணி நேரத்தில் கால் யூனிட்டைக்கூடத் தொடாது. மின்சாரம் நிற்பதுதான் பிரச்சினை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பேட்டரி தளர்ந்த மடிக்கணினியில், டிரைவர் ஏறிக்கொண்டிருக்கும்போது இடியோடு கரண்டு போனால், ஒரு கோளாறு இரண்டாகும்.

இன்னோர் எண் 48. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் கணினிகளில் வட்டு முழுவதையும் பூட்டும் குறியாக்கம் பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. டிரைவர் கெட்டு சேஃப் மோடுக்குப் போகப் பார்த்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைத் தொடங்கியவர் கடைக்காரரோ மூத்த மாணவரோ என்றால், கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்றால், 0 எம்.பி.யில் முடிந்திருக்கவேண்டிய வேலை எல்லாக் கோப்புகளையும் இழப்பதில் முடியும். இந்தப் பேரேட்டில் ஆகப் பெரிய இழப்பு இதுதான் என்பது என் எண்ணம். அந்த 48 இலக்கங்களை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்க இரண்டு நிமிடம் போதும்.

இது மலையோரத்துத் துன்பம் மட்டுமன்று. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் திரட்டிய முடக்கக் கணக்கு, பின்னர் ஒரு வழக்கில் வெளிவந்தது. அதில் 28.8 சதவீத முடக்கங்களுக்கு என்விடியாவின் டிரைவர்கள் காரணம். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பங்கு 17.9 சதவீதம். அந்த வழக்கே ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்று ஒட்டுச்சீட்டு ஒட்டி விற்ற கணினிகளைப் பற்றியது. அவற்றில் இன்டெல் 915 சிப்செட் உள்ளவற்றுக்கு விஸ்டாவின் புதிய வரைகலை முறைக்கான டிரைவர் வரவே இல்லை. 2017இல் இன்டெலின் க்ளோவர் டிரெயில் ஆட்டம் சில்லுகள் கொண்ட கணினிகளில் விண்டோஸ் 10இன் அடுத்த பதிப்பை ஏற்ற முடியாமற் போனது. சில்லுக்கான டிரைவர் ஆதரவு அதற்குள் நின்றிருந்தது. அவை விற்பனைக்கு வந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. மைக்ரோசாஃப்ட் பழைய பதிப்புக்கே 2023 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் தர ஒப்புக்கொண்டது. 2025 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு சில விளையாட்டுகளின் வேகம் குறைய, நவம்பரில் என்விடியா 581.94 என்ற அவசரத் திருத்தத்தை வெளியிட்டது.

இவற்றையெல்லாம் தனித்தனி விபத்துகளாகப் பார்ப்பதைவிட, ஒரே கணினிக்குள் வெவ்வேறு ஆயுளோடு ஓடும் இரண்டு கடிகாரங்களாகப் பார்க்கவேண்டும். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29. ஆதரவு முடிந்தது 2025 அக்டோபர் 14. பத்து ஆண்டுக்கு மேல். கிராபிக்ஸின் ஆயுள்கள் இப்படி:

என்விடியா ஜி.டி.எக்ஸ். 1080: 2016 மே முதல் 2025 அக்டோபர் வரை முழு ஆதரவு, 9 ஆண்டு 5 மாதம். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை.

ஏ.எம்.டி. ஈ-450 சில்லிலுள்ள ரேடியான்: 2011 ஆகஸ்ட் முதல் 2015 நவம்பர் வரை, 4 ஆண்டு 3 மாதம்.

இன்டெல் 10ஆம் தலைமுறை: 2019 ஆகஸ்டில் வந்தது, 2022 ஜூலையில் பழையவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மூன்று ஆண்டுகூட இல்லை.

இன்டெல் 14ஆம் தலைமுறை: 2023 அக்டோபரில் வந்தது, 2025 செப்டம்பரில் அதே பட்டியலில். இரண்டு ஆண்டுகூட இல்லை.

பழையவற்றின் பட்டியல் என்றால் மறுநாளே நின்றுவிடும் என்பதல்ல. முக்கியத் திருத்தங்களும் பாதுகாப்பும் காலாண்டுக்கு ஒருமுறை வரும். ஆனால் விண்டோஸின் அடுத்த பெரிய மாற்றத்துக்கு இந்தச் சில்லைத் தயார்ப்படுத்தும் அக்கறை அன்றோடு குறைகிறது. வாங்கும்போது கொடுத்த பில்லில் இந்தத் தேதிகள் எதுவும் கிடையாது. ஓராண்டு வாரண்டி மட்டும் இருக்கும்.

தமிழ்நாட்டில் இது பொதுப்பணக் கணக்கும்கூட. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது, முதலாண்டுக்கு 9.12 லட்சம் கணினிகள், 912 கோடி ரூபாய். ஒன்றுக்குப் பத்தாயிரம். அடுத்த ஆண்டுகளில் மொத்தம் ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. தோட்டத் தொழிலாளி வீட்டில் நுழைந்த முதல் கணினி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து மடிக்கணினிகளில் பரவலாக இருந்த இன்டெல் இரண்டாம் தலைமுறைச் சில்லுக்கு விண்டோஸ் 10க்கென்று இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் வெளியிடவே இல்லை. விண்டோஸ் 10ஐ ஏற்றியவர்கள் விண்டோஸ் 8 காலத்து டிரைவரோடுதான் ஓட்டினார்கள். விண்டோஸ் 11, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்குவதில்லை. விண்டோஸ் 10க்கு நீட்டிப்பு உண்டு. பணமாகக் கட்டினால் தனிநபருக்கு ஓராண்டுக்கு 30 டாலர், கல்வி நிறுவனங்களுக்கு முதலாண்டில் கணினிக்கு 1 டாலர். அது பாதுகாப்புத் திருத்தத்துக்கான பணம். டிரைவர் அதில் வராது.

அந்தத் திட்டத்துக் கணினிகளில் விண்டோஸோடு இன்னொன்றும் இருந்தது: சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. கடைகளில் அதை அழித்து இடம் சேர்த்துக்கொடுப்பது வழக்கமாயிற்று. கிராபிக்ஸ் கணக்கில் அது இழப்பு. லினக்ஸில் இன்டெல், ஏ.எம்.டி. டிரைவர்கள் கர்னலோடும் மேசா நூலகத்தோடும் சேர்ந்தே வருகின்றன. தனியாக 900 எம்.பி. இறக்க வேண்டியதில்லை. 2011இன் இன்டெல் சில்லும் ஈ-450இன் ரேடியானும் இன்றைய லினக்ஸில் இயங்குகின்றன. என்விடியாவின் மூடிய டிரைவரை நம்பினால் மட்டும் இங்கேயும் அதே கதை. 590 வரிசை டிரைவர், ஜி.டி.எக்ஸ். 1080 அடங்கிய பாஸ்கல் தலைமுறையைக் கைவிட்டபோது, அப்டேட் போட்டால் வரைகலைத் திரை வராமற் போகலாம் என்று ஆர்ச் லினக்ஸ் 2025 டிசம்பரில் பயனர்களை எச்சரித்தது.

இப்போது இரண்டாம் சுற்று. 2025-26 நிதிநிலை அறிக்கை இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தது. முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய். 2026 ஜனவரியில் மடிக்கணினி வழங்கத் தொடங்கினார்கள். இந்த 20 லட்சம் பேரும் டிரைவரை ஒரே ஒருமுறை இறக்கினாலே 18 லட்சம் ஜி.பி. அந்த டேட்டாவின் விலை டெண்டரில் இல்லை. மாணவரின் ரீசார்ஜில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், செல்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் விற்பனை நின்றபின்னும் ஐந்து ஆண்டு அப்டேட் தரவேண்டும் என்று விதித்திருக்கிறது. லட்சக்கணக்கில் கணினி வாங்கும் அரசுக்கு, கிராபிக்ஸ் டிரைவர் எந்தத் தேதிவரை வரும் என்று டெண்டரில் ஒரு வரி கேட்கப் பேரம் பேசும் பலம் நிச்சயம் இருக்கிறது. அந்தத் தேதியைக் கணினியின் அடிப்பக்கத்தில் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடவும் கேட்கலாம்.

அதுவரை கீரிப்பாறை போன்ற ஊரில் ஒரு பென்டிரைவ் போதும். 32 ஜி.பி. அளவு. வழங்கப்பட்ட மாடல்களின் கிராபிக்ஸ் டிரைவர்கள், மாடலுக்கு 900 எம்.பி. வீதம் மூன்றென்றால் 2.7 ஜி.பி.; விண்டோஸ் நிறுவி 5.4 ஜி.பி.; ஆக 8.1. பாஸ் லினக்ஸுக்கும் நெட் டிரைவர்களுக்கும் இடம் தாராளம். காலாண்டுக்கு ஒருமுறை நாகர்கோவில் போகிற ஒருவர் ஃபைபர் இணைப்பில் புதுப்பித்து வந்து, நூலகத்திலோ பள்ளியிலோ வைக்கலாம். உறையின் மேல் மாடல் பெயர், டிரைவர் எண், இறக்கிய தேதி மூன்றையும் எழுதவேண்டும். எந்த டிரைவர் எந்த விண்டோஸ் பதிப்பில் ஒழுங்காக ஓடியது என்பதையும் ஒரு வரியில். விநாடிக்கு 30 எம்.பி. படிக்கும் சாதாரணப் பென்டிரைவிலிருந்து 900 எம்.பி. டிரைவர் மடிக்கணினிக்கு வர 30 விநாடி.