களையெடுக்கும் கை பயிரைப் பிடுங்கினால்?

மூளையின் செல்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குக் காவல் வேலை என்பது தெரியுமா? 1919இல் ‘மைக்ரோக்ளியா’ என்று அதற்குப் பெயர் சூட்டியவர் ஸ்பெயின் விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்தேகா!

அந்தக் காவலாளி மூளையில் பிறந்தவரே அல்ல, தெரியுமா? கருவின் தொடக்க நாட்களில் மஞ்சள்கருப் பையில் தோன்றி, மூளைக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே தங்கிவிட்டவர்! எலிகளில் இது 2010இல் தெளிவானது.

சும்மா இருக்கும்போதும் அவர் சும்மா இருப்பதில்லை! 2005இல் உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மெல்லிய கைகளை நீட்டி மடக்கி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளை முழுவதையும் துழாவி முடித்துவிடுகிறார்!

இளம் மூளையில் தேவைக்கு மேல் நரம்பு இணைப்புகள் மண்டிக் கிடக்கும், தெரியுமா? களையெடுத்தாக வேண்டும். எதைப் பிடுங்குவது? ரத்தத்தில் கிருமிகளுக்கு அடையாளம் வைக்கும் காம்ப்ளிமெண்ட் புரதங்களே இங்கும் அடையாளம் வைக்கின்றன! பென் பாரஸின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தில் 2007இல் இதைக் கண்டவர் பெத் ஸ்டீவன்ஸ். அந்த இணைப்புகளை விழுங்குவது மைக்ரோக்ளியாவே என்று 2012இல் பாஸ்டனில் அவர் குழு காட்டியது.

இனிதான் திடுக்கிடும் செய்தி! சிறுவயதில் முடிந்துபோன களையெடுப்பு, நினைவை அழிக்கும் அல்சைமர் நோய் செயற்கையாகத் தூண்டப்பட்ட எலிகளில் மறுபடி தொடங்குகிறது. மூளையில் புரதப் படிவுகள் சேரும் முன்பே! இம்முறை பிடுங்கப்படுவது பயிர். காம்ப்ளிமெண்டைத் தடுத்தால் இழப்பு குறைகிறது என்றது ஸ்டீவன்ஸ் குழுவின் 2016 ஆய்வு.

காவலாளி சீறும்போது எழும் அழற்சி அக்கம்பக்கத்தையும் கெடுக்கும், தெரியுமா? சீற்றம் கொண்ட மைக்ரோக்ளியா அனுப்பும் சமிக்ஞையால், நரம்பணுக்களைப் பேணும் ஆஸ்ட்ரோசைட் செல்களே அவற்றைக் கொல்லத் தொடங்குகின்றன! இது பாரஸ் குழுவின் 2017 கண்டுபிடிப்பு. அல்சைமர், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைகளிலும் அத்தகைய செல்கள் தென்பட்டன.

அப்படியானால் காவலாளியை ஒழித்துவிடலாமா? கூடாது! மைக்ரோக்ளியாவில் இயங்கும் ட்ரெம்2 மரபணுவில் ஓர் அரிய மாற்றம் இருந்தால் அல்சைமர் ஆபத்து 2 முதல் 4 மடங்கு வரை கூடும் என்று 2013இல் தெரிந்தது. அந்த மரபணு பழுதானால் அவரால் புரதப் படிவைச் சூழ்ந்து வளைக்க முடிவதில்லை! கையைக் கட்டினாலும் வயல் பாழ், கட்டவிழ்த்தாலும் பாழ். களை எது, பயிர் எது என்று அந்தக் கைக்கு நினைவூட்டும் மருந்தைத்தான் தேடுகிறார்கள்!